மில் தெரு, எண் பதினான்கு

கார்க்லினேக்கு இப்போது டிராலிபஸ்ஸிலேயே வந்துவிடலாம்.
நிறுத்தத்தில் பெஞ்சு கிடையாது.
ஆனாலும் யாராவது உட்கார்ந்துதான் இருப்பார்கள்,
எல்லைக்கல்லின் மேல்.
மேற்கு முகத்தில் கௌனாஸ் என்றிருக்கும்,
கிழக்கு முகத்தில் நாங்கள்.
கால் தொங்குவது எங்கள் பக்கம் என்பதால்
குதிகால் பட்டுப் பட்டு
கடைசி எழுத்து போய்விட்டது.

பத்தொன்பது வருடமாய் இங்கே தபால் கொடுக்கிறேன்.
நகரம் எங்களை விழுங்கியது என்று
யாராவது சொன்னால் சிரிப்பு வரும்.
முப்பத்தொன்றாம் வருடத்து வாக்குத்தாளை
பள்ளி வராந்தாவில் சட்டம்போட்டு மாட்டியிருக்கிறார்கள்:
அறுபத்தொன்றுக்கு ஐம்பத்தெட்டு.
கதவைத் தட்டியது நாங்கள்தான்.
தண்ணீர்க் குழாய் வேண்டும், சாக்கடை வேண்டும்,
இரவில் ஒரு விளக்காவது வேண்டும்.
எதிர்த்தவர்களுக்கு இருந்தது ஒரே கவலை:
நகரத்தில் நாய்க்கு வரி.

அந்தப் பக்கம்
ஸெனோனாஸ் புட்ரிமாஸ் என்றொரு குமாஸ்தா,
வயது இருபத்தாறு, ஓயாத பல்வலி.
ஒரு நகரத்தில் ஒரு பெயர் ஒரு முறைதான் வரலாம்.
எங்கள் சர்ச் தெருவா, அங்கே ஏற்கெனவே உண்டு.
ஆற்றுத் தெரு உண்டு. மில் தெருவும் உண்டு.
கன்னத்தைப் பிடித்துக்கொண்டு
பேரேட்டில் அடித்து அடித்து எழுதினான்:
வாத்துத் தெரு. ஆந்தைத் தெரு.
மில் இருந்த தெருவுக்கு, மயில் தெரு.
இந்தக் குளிரில் எந்த மயில்?
அவன் இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

பிறகு ரஷ்யர்கள் வந்து
ஐந்தாண்டுத் திட்டத் தெரு என்றார்கள்.
தொண்ணூறில் பழைய பெயர் திரும்பட்டும் என்று கூட்டம்.
டயர்க்கடை ரைமொண்டாஸ் எழுந்து
மில் தெரு என்றார்.
விதிப்புத்தகம் வேறு சொன்னது:
ஆக்கிரமிப்புக்கு முந்தைய கடைசிச் சட்டப்பூர்வப் பெயர்.
ஆக, மயில். எல்லோரும் கைதட்டினார்கள்.
இப்போது தெருமுனையில் இரும்பு மயில் ஒன்று நிற்கிறது,
பிள்ளைகள் தோகைக்கு வருடம் ஒரு நிறம் பூசுகிறார்கள்.

மில் குளம் பள்ளி மைதானத்துக்கு அடியில்.
ஏப்ரலில் பனி உருகியதும்
வடக்கு கோல்கம்பத்தைத் தேடிக்கொண்டு மேலே வரும்.
கோல்கீப்பர் ஊக்னே முழங்கால் பூட்ஸோடு நிற்பாள்.
தீயணைப்பு மணி ரைமொண்டாஸ் கடையில்,
கார் தயாரானால் அடிக்கிறார்.

இவ்வளவும் கேட்டால் சொல்வார்கள்.
கேட்டாலும் சொல்லாத ஒன்று:
அறுபத்தொரு கையெழுத்தில் ஒன்று
வலமிருந்து இடமாக ஓடுகிறது.
கிர்ஷ் ஸாக்ஸ், கண்ணாடி பொருத்துபவர், எண் பதினான்கு.
குழாய் முப்பத்தெட்டில்தான் வந்தது.
மூன்று கோடை அந்தத் தண்ணீரைக் குடித்தார்.
நாற்பத்தொன்றில் எட்டு முதல் இருபது வரை
இரட்டைப்படை வீடுகள் காலியாயின.
எல்லைக்கல்லைக் கடந்துதான் நடத்திப் போனார்கள்.
அலமாரிகளைத் தூக்கிப் போனவர்கள்
ஒற்றைப்படைக்காரர்கள்.
என் வீட்டு எண் பதினேழு.

வருடத்தில் ஒரு கடிதம் ஜோஹானஸ்பர்க்கிலிருந்து வரும்.
மில் தெரு 14, கார்க்லினே.
இயந்திரம் அதை நகரத்து மில் தெருவுக்கே அனுப்பும்,
அங்கே பதினான்கில் வங்கி.
சிவப்பு முத்திரை வாங்கிக்கொண்டு
இரண்டு வாரம் பிந்தி என் பைக்கு வரும்.
முகவரிதாரர் இல்லை என்று
பதினெட்டு முறை திருப்பியிருக்கிறேன். விதி அதுதான்.

இந்த மார்ச்சில் மணியை அடித்தேன்.
ட்ரம்ஸ் நின்றது. கதவைத் திறந்த பையன் மிண்டௌகாஸ்,
வாடகைக்கு வந்து எட்டு மாதம்.
வாசலிலேயே பிரித்தான். ஆங்கிலம். மெல்லப் படித்துச் சொன்னான்:

*தாத்தாவின் கடைசிக் கடிதங்களில்*
*முழுக்கக் குழாயைப் பற்றித்தான்.*
*வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வருகிறது,*
*கொஞ்சம் இரும்பு ருசி என்று எழுதியிருக்கிறார்.*
*இருப்பவர் யாராக இருந்தாலும்,*
*இன்னும் அப்படித்தானா?*

அவன் உள்ளே போனான்.
குழாய் இருமுவது கேட்டது.
இரண்டு தம்ளர் கொண்டுவந்தான், ஒன்றை என்னிடம் நீட்டினான்.
பைகூட இறக்காமல் குடித்தேன்.

எழுது, என்றேன்.
ஆமாம் என்று எழுது.