ஆறாவது நிரல்

முதலில் காற்றைத்தான் விசாரித்தேன்.
ஓகஸ்ட் என்றால் கச்சான்,
காலையில் பிள்ளை மூச்சு மாதிரி,
மத்தியானம் சரிந்தால் பாயைப் பறிக்கும் என்றார் பார்த்தலெட்.
பாசிக்குடாவில் அவரிடம் இரண்டு பாய்ப்படகு,
ஒன்றில் நாலு பேர்.
நாங்கள் ஏழு.
எட்டாவது இருக்கையில் சாப்பாட்டுக் கூடை என்று எழுதிக்கொண்டேன்.

வந்தாறுமூலையில் ஒரே பட்ச்,
பதினெட்டு வருஷம்.
லோஜினிக்கு டோஹாவில் லீவு பத்து நாள்.
ஜெனிற்றா வத்தளையில் இருந்து இரவு ரயிலில்.
பஸ்மியா சம்மாந்துறையில்,
போகம் வெட்டி முடிந்தால்தான் வருவாளாம்,
மெஷின்காரன் இன்னும் நாள் சொல்லவில்லை.
சுகிர்தனும் பிரிந்தாவும் ரொறொன்ரோவில்;
அவர்களுடைய பகல் எங்களுடைய நடுச்சாமம்,
ஆகையால் எல்லா முடிவும்
நான் நித்திரையாய் இருக்கும்போதுதான் எடுக்கப்பட்டது.

மூன்று நாள் கடல், இரண்டு நாள் நகரம் என்றான் சுகிர்தன்.
எந்த நகரம்?
உன்ர நகரம்தான்.

என்ர நகரமா.
ஏழேமுக்காலுக்கு ஸ்கூட்டியில் கல்லடிப் பாலம் ஏறி
ஐந்தேகாலுக்கு அதே பாலத்தால் இறங்குகிறேன்,
நடுவில் வங்கியும் குளிரூட்டியும்.
இரண்டு நாளைக்கு என்னத்தைக் காட்டுவது?
எழுதிப் பார்த்தேன்:
கோட்டை, வெயில் ஏற முன்.
மணிக்கூட்டுக் கோபுரம், அஞ்சு நிமிஷம்.
அதுவும் பிரிந்தா படம் எடுத்தால்.
எருமைத் தயிர், சட்டியோடு, ஆளுக்கு ஒன்று.
காத்தான்குடியில் பிள்ளைகளுக்கு உடுப்பு
(பஸ்மியாவை முன்னால் விட்டு விலை பேசவேண்டும்).
பறுவத்தன்று இரவு பத்தரைக்குத் தோணி,
துடுப்பின் ஒரு முனை தண்ணீரில், மறு முனை காதில்.
மீன் பாடும் என்று உறுதி இல்லை.
பாடாவிட்டாலும் தோணிக் காசு திரும்பாது.

பெயர், வரும் திகதி, மரக்கறியா மீனா,
யாரோடு அறை, முற்பணம்.
ஐந்து நிரலும் ஒரே இரவில் நிரம்பின.
மீனுக்கு ஆறு வாக்கு.
பிறகு பார்த்தலெட் கேட்ட ஒன்றைச் சேர்த்தேன்:
நீந்தத் தெரியுமா?

நாலு நாள் குழுவில் ஒரு சத்தமும் இல்லை.

முதலில் லோஜினி: ஹோட்டல் தடாகத்தில், கரையைப் பிடித்தபடி.
ஜெனிற்றா: மிதப்பேன் என்று நினைக்கிறேன்.
பஸ்மியா: வாய்க்காலில் நீந்தினது. வாய்க்கால் கணக்கா?
சுகிர்தன், ஓம்.
அதைப் பிரிந்தா அழித்துவிட்டு, இல்லை.
கடலும் வாவியும் தின்று வளர்ந்த ஊர்க்காரர் நாங்கள்,
நண்டின் கால் உடைக்கிற நுணுக்கம் எல்லாருக்கும் தெரியும்.

ரூபகாந்தனின் பெட்டி மட்டும் வெறுமை.
நாவலடியான்.
எங்களில் ஒழுங்காக நீந்தக்கூடிய ஒரே ஆள்.
பல்கலைக்கழகத்தில் அவன் சேர்ந்தது
அந்த மார்கழிக்குப் பிறகு வந்த வருஷம்;
விடுதிப் படிவத்தில் வீட்டு விலாசம் என்ற இடத்தையும்
இப்படித்தான் விட்டு வைத்திருந்தான்.

நான் அவனைக் கேட்கவில்லை.
பார்த்தலெட்டுக்கு எடுத்தேன்:
மூன்று நாளையும் வாவிக்குள் மாற்றலாமா?
காற்றுக்கு வாவி என்ன கடல் என்ன, பிள்ளை,
ஆனால் ஆழம் காணாது, இறால் கட்டு எங்கும் நிற்குது,
அடி தட்டினால் இறங்கித் தள்ளவேண்டி வரும்.
தள்ளுவம் என்றேன்.
குழுவில் வேறு காரணம் போட்டேன்:
பாசிக்குடாவில் அறை விலை கூடிவிட்டது.
சுகிர்தன் கோபமுகம் ஒன்று அனுப்பினான்.

விடிய நாலுமணிக்கு ரூபகாந்தன்.
குரல் பதிவு, பதினொரு செக்கன்:
"விலை கூடேல்ல. நான் கேட்டுப் பாத்தன்.
கடலையே போடு.
நகரத்தை முன்னுக்கு வை,
அந்த ரெண்டு பின்னேரமும்
வாவியில இடுப்பளவு தண்ணிக்குள்ள
உங்களுக்கு மிதக்கப் பழக்குறன்.
பிறகு நான் ஏறுறனா இல்லையா எண்டு
கரையில நிண்டு சொல்லுறன்."

பெட்டியைத் திறந்து பார்த்தேன்.
தெரியும் என்று இருந்தது, வேறொன்றும் இல்லை.

நாட்களைப் புரட்டிப் போட்டேன்.
மணிக்கூட்டுக் கோபுரத்தை வெட்டினேன்.
பாதுகாப்பு அங்கி ஏழு.
கூடையை எட்டாவதிலேயே விட்டிருக்கிறேன்,
தேவைப்பட்டால் இரண்டு இருக்கையிலும்
பரப்பி வைக்கலாம்.

பஸ்மியா கேட்கிறாள்:
எல்லாற்றையும் கேட்டியே, உன்ர பெட்டி எங்க?

பாலத்தால் போகிறேன்.
ஸ்கூட்டி ஓட்டும்போது தட்டெழுதக் கூடாது.