ஏழாம் நம்பர் ஆந்தைப் பெட்டி

வொர்க்‌ஷாப் வாசலுக்கு வந்ததும்
எஞ்சின் விளக்கு அணைந்துவிடும்.
பல் டாக்டரைக் கண்ட பல்வலி.

பகாவில் மூன்று கடை ஏறி இறங்கிவிட்டது
ரெங்கநாயகி அக்காவின் பள்ளிக்கூட வேன்.
ஒருவர் பெட்ரோல் பம்ப்பை மாற்றினார், ஒருவர் பிளக்கை.
ஆ செங் கடையில் ஸ்கேனர் போட்டு
பி 0335 என்று துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்து
கிராங்க் சென்சாரையே புதிதாக மாட்டினார்கள்.
எல்லாம் சேர்த்து அறுநூற்று நாற்பது வெள்ளி.
மறுநாளும் நின்றது.

வெறும் வேனை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன்.
மூணாம் டிவிஷன் மேட்டில்
ஒன்றுமே தெரியாததுபோல் ஏறியது.
"புள்ளைங்களோட வந்து பாரு" என்றார் அக்கா.
"ஆறேகாலுக்கு."

இன்னும் விடியவில்லை. செம்பனைக்கு அடியில் பனி.
பதினோரு பிள்ளைகள், அவர்களைவிடக் கனமான பைகள்,
முன் சீட்டில் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு நான்.
வேகம் முப்பத்தெட்டு.
சுற்று இரண்டாயிரத்து நூறு.

தோளுக்குப் பின்னால் ஒரு குரல்:
"அங்கிள், ஏழாம் நம்பர் ஆந்தைப் பெட்டி வருது.
இப்ப நிக்கும் பாருங்க."

சுற்று: சுழி.
வேகம் மட்டும் இன்னும் முப்பத்தாறு.

ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்
தான் நின்றுபோனதாகச் சேதி கேட்டு
எண்ணெயை நிறுத்தி, பொறியை நிறுத்தி
அதற்கப்புறம்தான் நின்றது.

டார்ச்சோடு கீழே படுத்தேன்.
சென்சார் புதுசு, பளபளத்தது.
அதிலிருந்து போகும் கம்பியில் எலிப்பல்.
மவுண்டிங் ரப்பர் வெடித்திருந்தது;
பாரத்தோடு மேடு ஏறும்போது
எஞ்சின் பின்னால் சாயும், கம்பி இழுபடும்.
மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லி
விரலால் லேசாக ஆட்டினேன்.
விக்கியது.

பழம் தின்ன வந்த எலி,
எலி தின்னத் தோட்டம் வைத்த ஆந்தை,
நடுவில் நான்கு அங்குலம் செம்புக் கம்பி.

கம்பி, ஈயம், டேப், ரப்பர்: தொண்ணூறு வெள்ளி.
"அப்ப அந்த அறுநூத்தி நாப்பது?"
கோடை அழித்துக் கொடுத்தேன்.
அதை அழிக்க என்னிடம் பட்டன் இல்லை.

அடுத்த வாரம் போன் வந்தது.
வேன் நிற்கவில்லையாம்.
ஆனால் இரண்டாம் ஆண்டு கவிநிலா
அக்காவோடு பேசுவதில்லையாம்.
வண்டி நின்ற அந்த மூன்று நிமிஷத்தில்தான்
ஆந்தை பெட்டிக்குத் திரும்புவதை
அவள் பார்ப்பாளாம்.

"அதுக்கும் எதாச்சும் பாரேன்"
என்கிறார்.