கச்சான்

நூறு மீட்டர் ஓடுகிறவர்களுக்குக்
காற்றை அளக்கிறார்கள்.
முதுகில் கூடுதலாகத் தள்ளிவிட்டால்
சாதனைக் கணக்கில் சேராது.
வட்டு எறிகிறவளை
யாரும் எதுவும் கேட்பதில்லை.

வேதாரண்யம் பள்ளி மைதானம்,
ஆடி இரண்டாவது சனி.
உப்பளத்து வெள்ளையை வாரிக்கொண்டு வந்து
முகத்தில் அறைந்தது கச்சான்.
தோப்புத்துறை ஹசீனா, தன் முறை வந்தும்
காற்று விழட்டும் என்று நின்றாள்.
நடுவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

எனக்குத் தெரியும்.
குண்டுக்குக் காற்று ஒரு பொருட்டில்லை.
ஈட்டி மிரண்டு மூக்கைத் தூக்கும்.
வட்டு மட்டும்
எதிர்க்காற்றில் ஏறி உட்காரும்,
விளிம்பைத் தாழ்த்திக் கொடுத்தால்.

முதல் எறியில் நிமிர்ந்துவிட்டது.
செங்குத்தாய் எழும்பி
எண்ணெயில் அப்பளம் மாதிரி நடுங்கிப்
பதினெட்டு மீட்டரில் விழுந்தது.
பெஞ்சில் சிரிப்பு.

இரண்டாவது.
வலது கன்னத்தில் காற்று.
சுற்றினேன்.
விரல் நுனியிலிருந்து வழுக்கிப் போனது ஒரு கிலோ;
நாற்றுக்கு மேலே நாரை போகிற உயரத்தில்
இறங்க மறந்து போய்க்கொண்டே இருந்தது.
முப்பத்தொன்று நாற்பது.
டேப்பை இரண்டு தடவை பிடித்துப் பார்த்தார்கள்.

வட்டைத் தாங்கிய காற்று
அதோடு நிற்கவில்லை.
என்னைத் தாண்டி,
பந்தல் துணியைக் கிழித்து,
ஆறுகாட்டுத்துறைக் கரையைக் கடந்து
கடலுக்குள் போயிற்று.
அங்கே எஞ்சின் நின்ற படகில்
என் அண்ணன் தனவேல்.
நங்கூரம் சேற்றில் உழுததே தவிரப் பிடிக்கவில்லை.
கிழக்கே, கிழக்கே.

பொழுது சாயும்போது சிங்காரு மாமா படகு வந்தது.
மூன்று தடவை அவனைப் பார்த்துக் கயிறு எறிந்தார்கள்.
மூன்று தடவையும் வளைந்து
அவனுக்குக் கிழக்கே தண்ணீரில் விழுந்தது.
நாலாவது தடவை
யாருமே இல்லாத மேற்குப் பக்கம்,
வெறும் காற்றைக் குறிபார்த்து எறிந்தார்கள்.
கயிறு யோசித்துத் திரும்பினாற்போல்
அவன் தோளில் வந்து விழுந்தது.

ராத்திரி பத்து மணி.
உதட்டில் உப்பு வெடித்திருக்கச்
சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்:
“எவ்வளவு தூரம் போச்சு?”
சொன்னேன்.

“அவ்வளவுதானா?
என்னை ஒன்பது மைல் எறிஞ்சுது” என்று
குழம்புக்குத் தட்டை நீட்டினான்.