கைநாக்கு

இடக்கை மணிக்கட்டுக்கு மேலே
உள்ளங்கை அகலம் தோலை எடுத்து
பாதி நாக்காகத் தைத்தார்கள்.
கையில் அந்த இடத்துக்குத் தொடைத்தோல்.
தொடைக்கு என்ன வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.
கேட்க வாயும் இல்லை அப்போது.

உருகுவேயின் வடக்கே, தகுவாரெம்போ மாட்டுச்சந்தையில்
இருபத்தாறு வருஷம் ஏலம் கூவியவன்.
நின்ற இடத்தில் முந்நூறு தலை விற்பேன்.
பட்டியலைப் பிடித்திருந்தது இந்த இடக்கைதான்.
இப்போது அது
வாய்க்குள் படுத்திருக்கிறது,
வேலை தெரியாத மருமகனைப் போல.
கதிர்வீச்சு தொடங்கும்வரை
கைமுடிகூட முளைத்தது அதில்.
மிர்த்தாவிடம் சொன்னேன், புரியவில்லை.
எழுதிக் காட்டினேன், சிரித்தாள்.
பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமைகளில் ஒஃபேலியா.
ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லிடுக்கில் செருகுவாள்.
மே மாதம் எட்டுக் குச்சி அளவு திறந்தது வாய்.
ஜூலையில் பதினொன்று.
ஆகஸ்ட் குளிரில் மறுபடி ஒன்பது.
குறித்துக்கொள்கிறாள், திட்டுவதில்லை.
திட்டினால் தேவலை.

சொல்லுங்கள், ஐம்பது.
ஐம்பதுக்கு உதடு போதும், சொல்கிறேன்.
நூறு.
நூயு.
இன்னொரு தடவை.
நூயு.
ஏலக்காரனுக்கு நூறு வராவிட்டால்
எந்த மாட்டை என்ன விலைக்கு விற்பது?
அண்ணத்தைத் தொட எழும்பும் நுனி
பாதி வழியில்
தான் ஒரு கை என்று ஞாபகம் வந்ததுபோல்
நின்றுவிடுகிறது.

எச்சிலும் போய்விட்டது.
முகம் சுளித்துத் துப்பிய பொருளை
ஐந்து நிமிடத்துக்கொரு முறை
பாட்டிலிலிருந்து ஊற்றிக்கொள்கிறேன்.
ரொட்டி, மணல். ஆரஞ்சு, நெருப்பு.
மாத்தே குடுவை கைமாறிக் கைமாறி வந்து
என்னைத் தாண்டிப் போகிறது,
பந்தியில் எனக்கு மட்டும் இலை போடாத மாதிரி.

கழுத்து நீர் கோத்து வீங்கும்.
நாளைக்கு ஐந்து முறை
காதடியிலிருந்து காறையெலும்பு வரை
மெல்ல வழித்துவிட வேண்டும்,
கறக்குமுன் மடியை நீவுவது போல.

செப்டம்பர் ஏலத்துக்குப் போனேன். பின்வரிசைதான்.
மேடையில் புதுப் பையன், வில்மார்.
வேகம் உண்டு, மூச்சு போதாது.
ஒரு கிடேரியை ஓட்டி வந்தார்கள்.
மணி பதினொன்று, கழுத்து நீவும் நேரம்.
கையைத் தூக்கினேன்.
"பின்னால் அறுநூறு டாலர்!"
முன்வரிசையில் யாரோ இருபது ஏற்றினார்கள்.
மறுபக்கக் கழுத்தை நீவினேன்.
"பின்னால் அறுநூற்றைம்பது!"
இல்லை என்று கத்தினேன்.
என் வாயில் அந்த இல்லை என்னவாக வந்ததோ,
வில்மார் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்து
சுத்தியலை இறக்கினான்.
எத்தனை பேர் தலையில்
நானே இப்படிக் கட்டியிருக்கிறேன்.

ஆக, எனக்கொரு கிடேரி இருக்கிறது.
நாளெல்லாம் அசைபோடுகிறது.
எவ்வளவு எச்சில், கடவுளே,
நூல் நூலாக, புல்லின் மேல், கணக்கே இல்லாமல்.
வேலியோரம் நாற்காலி போட்டு
கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்கிறேன்.
அது ஒரு வாய், நான் ஒரு வாய்.
முகவாயைத் தாழ்த்து, இறுக்கி விழுங்கு,
இருமு, மறுபடி விழுங்கு.
எனக்கு முன்னால் அது முடித்ததே இல்லை.
பேசினால்
"என்ன சொன்னீங்க?" என்று
முகத்தைக் கிட்டே கொண்டுவருவதுமில்லை.

பெயரில் அந்தக் கடின எழுத்து இருக்கட்டும்,
நாளைக்கு நாற்பது தடவை கூப்பிடுங்கள் என்றாள் ஒஃபேலியா.
கறுப்பி என்று வைத்தேன்.
மாடு செம்பழுப்பு நிறம். இருந்துவிட்டுப் போகட்டும்.

கயுப்பி, என்பேன்.
காது மடங்கும், திரும்பிப் பார்க்கும்.
கயுப்பி. வரும்.
இரண்டு மாதமாக ஒரு முறைகூடத் தவறவில்லை.

நேற்றுச் சாயங்காலம் கூப்பிட்டேன்.
திரும்பவில்லை.
வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல்
புல்லையே பார்த்துக்கொண்டு நின்றது.

ஒருவேளை
சரியாகச் சொல்லிவிட்டேனோ.