இரண்டாம் பெயர்

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிடக் கூடாதென்று
ஐம்பது நிமிடம் இடைவெளி விட்டுத்தான் நேரம் குறித்தேன்.
பெர்லினிலிருந்து ஒரே ரயிலில் வந்திறங்கி
கிரைஃப்ஸ்வால்ட் நிலையத்து பேக்கரியில்
ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்களாம்.
மண்புழு ஆராய்கிறவர்கள் ஜெர்மனியில் எத்தனை பேர்தான் இருப்பார்கள்!

வேலை கேட்டு நிகழ்த்தும் உரையை
இங்கே 'முன்னே நின்று பாடுவது' என்பார்கள்.
யாரும் பாடுவதில்லை.
நாற்பது நிமிடம், தேர்வுக்குழுவில் பன்னிரண்டு பேர்,
ஒருவர் கைப்பேசியில், ஒருவர் கண்மூடி.
கதவுக்கு வெளியே நான், பிஸ்கட் தட்டோடு.

வீப்கெ ஹார்ம்சன், வயது நாற்பத்துமூன்று.
ஏழு ஊர், பதினொரு ஒப்பந்தம்.
ஆகச் சிறியது நான்கு மாதம்.
வியாழன்தோறும் ஹாலேயில் ஒரு வகுப்பு, சம்பளமில்லாமல்.
எடுக்காவிட்டால் பட்டம் போய்விடும்.
நான் பத்தாம் வகுப்போடு நின்றவள்.
இந்த நாற்காலி ஓய்வுபெறும் நாள்வரை எனக்குத்தான்.

பட்டியலைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.
முதல் பெயர் கெரிட் ஓஸ்ட்ஹோஃப். இரண்டாவது அவள்.
முதல் பெயர் வராது என்பது
காபி இயந்திரத்துக்கே தெரியும்.
எங்கள் கடிதத்தைக் காட்டி
தன் ஊரிலேயே சம்பளத்தைக் கூட்டிக்கொள்வார்.
அதற்கு எட்டு மாதம் பிடிக்கும்.
அதுவரை அவள் அழைக்கும்போதெல்லாம்
"நடைமுறையில் இருக்கிறது" என்பேன்.
எனக்கு அனுமதித்திருப்பது அந்த ஒரு வாக்கியம்.

நவம்பரில் அழைத்தவள் வேலையைப் பற்றிக் கேட்கவேயில்லை.
பயணச்சீட்டுப் பணம் கிடைக்குமா என்றாள், முப்பத்தெட்டு யூரோ.
அதற்கு விதி இல்லை என்றேன்.
சிரித்தாள். பின்னால் காற்று இரைந்தது.
எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

வயலில். மாணவர்கள் ஏழு பேர்.
கடுகுத்தூளைக் கரைத்து மண்ணில் ஊற்றியிருக்கிறோம்.
எரிச்சல் தாங்காமல் மேலே வரும்.
எண்ணிக்கொண்டு, நல்ல தண்ணீரில் அலசி...

"பதினாறு!" என்று யாரோ கத்தினார்கள்.
மன்னியுங்கள், இன்னொன்று வருகிறது என்று
வைத்துவிட்டாள்.

அந்த மாதம் தேர்வுக்குழு
வழக்கத்தைவிட நிறையவே பிஸ்கட் தின்றதாகக்
கணக்கில் இருக்கிறது.
சரியாக முப்பத்தெட்டு யூரோவுக்கு.
ஹாலேவுக்குப் போன உறையில்
அனுப்புநர் பெயர் எழுத
மறந்திருக்கிறேன்.