போகிற வழிதானே

படுக்க அறை, வண்டிக்குப் பெட்ரோல்,
நாலு திக்கிலும் பார்க்க ஏதாவது.
அவ்வளவு போதுமென்றுதான்
டெம்ப்ஸ்டர் வெல்ஸில் ஐந்து இரவுக்குப் பணம் கட்டினேன்.
வடக்கு நெவாடா.
ஊரென்றால் ஒரு பங்க், ஒரு மதுக்கடை, தீவனக் கிடங்கு,
பகலில் இரண்டு மணி நேரம் மூச்சுவிடும் தபால் நிலையம்.
மனிதர்கள் நூற்றுப் பன்னிரண்டு.

மாடு எத்தனை என்று
முதல் ராத்திரியே ஒருவரிடம் கேட்டுவிட்டேன்.
பீர் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று
கேட்பதற்குச் சமமாம் அது.
விடுதிக்காரி வெர்னா ஒலாபே
மறுநாள் காலை காபியோடு சொன்னாள்.
சொன்ன கையோடு
சாவி ஆணியில் தொங்கிய அறுந்த பெல்ட்டை எடுத்து நீட்டினாள்.
"உப்புப் படுகைக்குத்தானே கிளம்பினாய்?
கார்வர் போகிற வழிதானே.
இதே அளவில் ஒன்று. நாற்பத்திரண்டு அங்குலம்."

போகிற வழிதான்.
தொண்ணூறு மைல்.

இரண்டாம் நாள்
கன்றுகளுக்குப் போடும் ஊசி மருந்து, ஐஸ் பெட்டியில்.
வெயில் படக் கூடாது, வழியில் நிற்கக் கூடாது.
திரும்பும்போது வலப்பக்கம் ஒரு பள்ளத்தாக்கு போயிற்று.
அதைப் பார்க்கத்தான் நான் நாலாயிரம் மைல் வந்தது.
சிவப்பாக இருந்தது என்று நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் எலியோதோரோ.
பெருவிலிருந்து வந்து ஆடு மேய்ப்பவர்,
மலையிலிருந்து இரண்டு நாய்களோடு இறங்கியிருந்தார்.
என் மூக்குக்கண்ணாடியை அவரே கழற்றி மாட்டிக்கொண்டு
தன் உள்ளங்கையைப் படித்துப் பார்த்தார்.
இதைவிடக் கொஞ்சம் என்றார்.
கொஞ்சம் எவ்வளவு என்பதைக்
கட்டைவிரலும் சுட்டுவிரலும் சொல்லின.
மூன்று வாங்கி வந்தேன், ஏதாவது ஒன்று ஒத்துப்போகட்டுமென்று.
மூன்றையும் வைத்துக்கொண்டார்.

நாலாம் நாள் காலை
சாலை முழுக்க மாடுகள்.
குதிரைமேல் ஒரு சின்னப் பெண்
நிற்காதே, மெதுவாக வந்துகொண்டேயிரு என்று கைகாட்டினாள்.
வந்துகொண்டேயிருந்தேன்.
ஈர மூக்கொன்று கண்ணாடியில் உரசி
சளிக்கோடு ஒன்று போட்டுவிட்டுப் போனது.
அன்றுதான்
எதிரே வந்த டிரக்கின் ஸ்டியரிங்கிலிருந்து
ஒற்றை விரல் எனக்காக எழுந்தது.
அந்தப் பக்கத்தில் வணக்கம் அதுதான்.
திருப்பி நான் முழுக் கையையும் ஆட்டித் தொலைத்தேன்.

இருட்டும் நேரம்,
சேஜ் புதரின் கசப்பு வாசனை காற்றில்.
மதுக்கடை வாசலில் நாலைந்து தொப்பிகள் காத்திருக்கும்.
எனக்காக இல்லை, என் டிக்கிக்காக.
தெரிந்தும்
ஹாரன் அடித்துக்கொண்டேதான் திரும்புவேன்.

கடைசி நாள் பெட்டியை ஏற்றும்போது
தீவனக் கிடங்கு கிளே ரடாக்
காகிதத்தோடு ரோட்டைக் கடந்து வந்தார்.
"இன்றைக்கு எந்தப் பக்கம்?"
கார்வர் பக்கந்தான், ஆனால்
இன்று திரும்பி வரமாட்டேன் என்றேன்.
காகிதத்தை மடித்தார். இன்னொரு முறை மடித்தார்.
சட்டைப்பைக்குள் போவதற்குள்
முதல் வரி மட்டும் என் கண்ணில் பட்டது.
"மான் குறுக்கே பாயும், பார்த்துப் போ" என்றார்.

கார்வரில் நிறுத்த ஒரு வேலையும் இல்லை.
நிறுத்தினேன்.
கதவுக் கீல் இரண்டு, ஆறு அங்குலம், இரும்பு.
டெம்ப்ஸ்டர் வெல்ஸுக்கு யாராவது போவார்களா என்று
கடைக்காரரைக் கேட்டேன்.
அவர் நிமிரவில்லை.
கல்லாவுக்கடியில் இருந்த அட்டைப்பெட்டியைக் காலால் இழுத்தார்.
அதன்மேல் ஊர்ப்பெயர், மங்கிப்போன மசியில்.
உள்ளே ஏற்கெனவே
ஒரு சுருள் முள்கம்பி,
யாருக்கோ பிறந்தநாள் மெழுகுவர்த்தி,
கிழிந்த உறையில் ரேடியோவுக்கு பேட்டரி.
கீல்களை அதற்குள் போட்டார்.

காசு கொடுத்துவிட்டு
இன்னும் சற்று நேரம் அங்கேயே நின்றிருந்தேன்,
கதவு திறக்கும் போதெல்லாம்
வருபவரின் சாவிக்கொத்தைப் பார்த்தபடி.