கூட்டல் கழித்தல் இரண்டு

அதிகாலை ஒன்று நாற்பது.
வாம்போ கால்வாயின் முப்பத்தொன்றாம் உணரி
பச்சையிலிருந்து நேரே சிவப்புக்குத் தாவியது.
தொண்ணூற்றிரண்டு விழுக்காடு.
ஜன்னலுக்கு வெளியே மழை இல்லை.
ரேடாரிலும் இல்லை.
அங்கிருக்கும் கேமரா பழுது,
வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

"அனுப்பிடலாமா?" என்கிறான் வெய் லியாங்.
அரசாங்கச் செலவில் வெளிநாட்டில் படித்தவன்,
என்னைவிட ஆறு வயது சின்னவன்.
பொத்தானைத் தட்டினால்
எத்தனையோ ஆயிரம் கைப்பேசிகள்
தலையணைக்கடியில் ஒன்றாக அலறும்.

எனக்கு இந்த வாரியத்தில் பதினோராம் வருடம்.
கூட்டமென்றால் கதவோர நாற்காலி.
பாலிடெக்னிக் முடித்து வேலைக்கு வந்து
இரவு வகுப்புகளில் தூங்கி விழுந்து வாங்கிய பட்டம்
இன்னும் தபால் உறைக்குள்ளேயே இருக்கிறது.
வெளியே எடுத்தால் யாராவது வந்து
முத்திரை சரியில்லை என்பார்களோ என்று.

மின்னஞ்சலை அனுப்புமுன் நான்கு முறை படிப்பேன்,
அனுப்பிய பிறகு ஐந்தாவது முறை.
தெரிந்த பதிலைக்கூட
"தப்பா இருக்கலாம், ஆனா" என்றுதான் ஆரம்பிப்பேன்.
மூன்று மேலாளர்கள் மாறியும்
ஆண்டு மதிப்பீட்டில் வாக்கியம் மாறவில்லை:
இன்னும் தன்னம்பிக்கை தேவை.
அதை எந்தக் கிடங்கில்,
எந்தப் படிவம் நிரப்பி வாங்குவதென்று
ஒருவரும் எழுதவில்லை.

தொண்ணூற்றிரண்டு.
தொண்ணூற்றிரண்டு.
தொண்ணூற்றிரண்டு.

ஏறுகிற தண்ணீர் இப்படி இருக்காது.
கொஞ்சம் தயங்கும், இறங்கும், மறுபடி ஏறும்.
மேலே முப்பது அசையவில்லை.
கீழே முப்பத்திரண்டு தூங்குகிறது.
நடுவில் மட்டும் வெள்ளம் எங்கிருந்து வரும்?

போன மார்ச்சில் ரோஸ்லி ஏணியைப் பிடித்துக்கொள்ள
அந்த உணரியின் வாயைத் துணியால் துடைத்தேன்.
நகத்தளவு ஒன்று
நூலில் இறங்கி என் மணிக்கட்டில் ஓடியது.

"தப்பா இருக்கலாம், ஆனா
அது சிலந்தி."

வெய் லியாங் சிரிக்கவில்லை.
"எப்படித் தெரியும்?"
"துடைச்சிருக்கேன்."

ரோஸ்லியின் வேன் போய்ச் சேரப் பதினெட்டு நிமிடம்.
அதற்குள் என் மனதில்
மூன்று புளோக்கின் கார் நிறுத்தங்கள் முங்கின,
ஒரு விசாரணை நடந்தது,
ஒருவர் மெதுவாகக் கேட்டார்,
உங்களை யார் வேலைக்கு எடுத்தது?
ஆறிப்போன கோப்பியைக் கையில் வைத்தபடி
மழை வராதே, மழை வராதே என்றிருந்தேன்.

படம் வந்தது.
டார்ச் வெளிச்சத்தில் வட்டமாய் ஒரு வலை,
நடுவே சிக்கிய அந்துப்பூச்சி.
கீழே ரோஸ்லி எழுதியிருந்தார்: லாபா-லாபா, காக்.

ஒவ்வோர் உணரிக்கும் ஒரு பிழை வரம்பு உண்டு.
முப்பத்தொன்றுக்குக் கூட்டல் கழித்தல் இரண்டு சென்டிமீட்டர்.
அது தெரிந்தேதான் நம்புகிறோம்,
அதைக் கழற்றி எறிவதில்லை.
என்னுடைய வரம்பு எவ்வளவு என்று
நானும் அளந்து பார்த்ததில்லை.

விடிகாலையில் அறிக்கை.
சரிபார்த்தவர் என்ற கட்டத்தில்
முதன்முதலாக என் பெயர்.
பன்னிரண்டு ஆங்கில எழுத்துக்குத்தான் இடமாம்.
மங்கையர்க்க என்பதோடு நின்றுவிட்டது.
அரசி வெளியே நிற்கிறாள்.

பதினோரு வருடமாக
எல்லாத் திரையிலும் இப்படித்தான்.
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கணினிப் பிரிவுக்கு ஒரு வரி தட்டினேன்:
பெயர்க் கட்டத்தை இருபது எழுத்தாக்கவும்.
இரண்டு முறை படித்தேன்.
அனுப்பிவிட்டேன்.